திருக்கோயில் வாயிலும் தமிழர் முழவும்

வழிபாடு உள்ள இடமெல்லாம் இசை உண்டு. இசை உள்ள இடமெல்லாம் தாளம் உண்டு. தேவாரம் முழங்கும் திருக்கோயில்களும், நாகூர்த் தருகாவும், வேளாங்கண்ணித் திருத்தலமும் இதற்குச் சான்று பகரும். தமிழ்நாட்டுக் கிறித்தவத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தோர், வேத மொழிபெயர்ப்பு, அச்சுக்கூடம், பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஆயின், கோயிலுள் எந்தக் கருவி ஒலித்தது, எந்தக் கருவி வாயிலோடு நிறுத்தப்பட்டது என்னும் வினாவை எழுப்பியவர் சிலரே. சிறியதாகத் தோன்றும் இவ்வினாவினுள் பெரியதொரு சமுதாய வரலாறு அடங்கிக் கிடக்கிறது. ஒரு முழவு கோயிலுள் நுழைந்த வரலாறு, அதனைச் செய்தவரும் முழக்கியவரும் தம் மதிப்போடு கோயிலுள் நுழைந்த வரலாறே ஆகும். அதனை இக்கட்டுரையில் காட்ட விழைகிறோம்.

ஒசூர் சாலையில், எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் பொம்மசந்திரத் தொழிற்பேட்டைக்கும் இடையே அமைந்தது நம் ஹெப்பகோடி. கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், திருவண்ணாமலை எனப் பல மாவட்டங்களிலிருந்து தொழில் நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கு வாழ்கின்றன. சமயத்தால் வேறுபட்டாலும் மொழியால் நாம் ஒன்றுபட்டிருக்கிறோம். ஞாயிறுதோறும் தமிழ்க் கிறித்தவப் பாடல்களைக் கேட்கிறோம். ஹுஸ்கூர் மத்தூரம்மன் தேர்த்திருவிழாவில் கன்னட மக்கள் முழக்கும் தமட்டெயின் ஒலியும் நம் செவிக்குப் புதிதன்று. அத்தமட்டெ நம் பறையின் உடன்பிறப்பு. ஆதலால் இங்கு நாம் சொல்லப்போகும் செய்தி, கிறித்தவ அன்பர்க்கு மட்டுமன்றித் தமிழர் அனைவர்க்கும் உரிய செய்தியாகும்.

பழந்தமிழர் போற்றிய பறை

பறை என்னும் சொல்லுக்குக் கருவி என்றும் பொருள். சொல்லுதல் என்றும் பொருள். பேசும் கருவியாகவே நம் முன்னோர் அதனைக் கருதினர். தொல்காப்பியர் ஐந்திணைக் கருப்பொருள்களை அடுக்கும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் வைத்தார். நிலந்தோறும் தெய்வம் இருந்தது போலவே நிலந்தோறும் பறையும் இருந்தது. மணவீட்டில் முழவு ஒலிக்க, இழவுவீட்டில் நெய்தற்பறை ஒலிக்கும் உலகியலைப் புறநானூற்றின் 194ஆம் பாட்டு காட்டுகிறது. இன்பத்துக்கும் துன்பத்துக்கும் ஒருங்கே துணைநின்ற கருவி அது.

முரசு அரசனுக்கு நிகராக மதிக்கப்பட்டது. அதனை நீராட்டினர், பூச்சூட்டினர், அதற்கெனத் தனிக்கட்டில் அமைத்தனர். மோசிகீரனார் என்னும் புலவர் களைப்பு மிகுதியால், அறியாது அக்கட்டிலில் ஏறித் துயின்ற செய்தியைப் புறநானூற்றின் 50ஆம் பாட்டால் அறிகிறோம். வாளால் வெட்டியிருக்க வேண்டிய குற்றம் அது. சேர மன்னனோ வாளை விடுத்து, கவரி எடுத்து விசிறி நின்றான். அம்மன்னன் தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறை. அத்தகடூரே இன்றைய தருமபுரி. நம்முள் பலர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேருந்தேறிச் செல்லும் ஊர் அது.

இத்துணைச் சிறப்புற்ற கருவிக்குப் பிற்காலத்தில் தாழ்வு நேர்ந்தது. சாதி இறுகிய காலத்தில், பறையின் தோலைப் பதப்படுத்திய கையும், இழவுக்கு அதனை முழக்கிய கையும் தீண்டத்தகாதன என்று ஒதுக்கப்பட்டன. மனிதரைத் தாழ்த்திய சமுதாயம் அவர்தம் கருவியையும் உடன் தாழ்த்தியது. கிறித்தவம் தமிழகத்துக்கு வந்தபோது நிலைமை இதுவாகவே இருந்தது.

மிரியாம் ஏந்திய கருவி

கிறித்தவ வேதத்தில் முழவு இல்லையோ என்று சிலர் ஐயுறலாம். யாத்திராகமம் 15ஆம் அதிகாரத்தில், இசுரவேல் மக்கள் செங்கடலைக் கடந்து விடுதலை பெற்றதும், மோசேயின் தமக்கை மிரியாம் கருவியொன்றைக் கையிலேந்தி ஆட, பெண்கள் எல்லாரும் அவள்பின் ஆடிச் சென்றனர் என்று காண்கிறோம். எபிரேய மூலத்தில் அக்கருவியின் பெயர் 'தோப்' என்பது. வட்டமான மரச்சட்டத்தின்மீது தோல் போர்த்த கைம்முழவு அது. சட்டம் மரம், முகம் தோல், ஏந்துவது கை என்னும் அமைப்பினால், நம் பறைக்கும் கஞ்சிராவுக்கும் அது நெருங்கிய உறவு.

பழைய தமிழ் வேதாகமம் அதனைத் 'தம்புரு' என்று பெயர்த்தது. தமிழர் செவிக்குத் தம்புரு என்றால் சுருதி கூட்டும் நரம்புக்கருவியே நினைவுக்கு வரும். விடுதலை பெற்ற அடிமைப் பெண்டிர் முழக்கிய தோற்கருவி, மொழிபெயர்ப்பில் மெல்லிய தந்தி ஓசையாக மறைந்துவிட்டது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியம் 150ஆம் திருப்பாடலில் மத்தளம் என்னும் சொல்லை ஆண்டிருப்பது மூலத்துக்கு இன்னும் நெருங்கியதாகும். சொல்லொன்று மாறினால் காட்சியே மாறுவதை இதனால் உணரலாம்.

ஆயினும் தொடக்ககாலத் திருச்சபை கருவியிசையை விரும்பி ஏற்கவில்லை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அலெக்சாந்திரியக் கிளமெந்து முதலிய அறிஞர், குழலும் முழவும் பிற தெய்வ விழாக்களையும் களியாட்டங்களையும் நினைவூட்டுவன என்று விலக்கினர். கீழைத் திருச்சபைகள் பல இன்றளவும் வாய்ப்பாட்டு ஒன்றையே ஏற்கின்றன. எத்தியோப்பியத் திருச்சபையோ வேறு வழி சென்றது. ஆறாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் யாரேது என்பாரின் மரபைப் போற்றும் அந்நாட்டவர், 'கெபெரோ' என்னும் பெருமுழவைத் திருக்கோயிலினுள்ளேயே முழக்கி வழிபட்டு வருகின்றனர். ஒரே வேதத்தை ஓதுவோருள் இவ்வேறுபாடு ஏன்? கருவியின் ஒலியில் குற்றமில்லை. அக்கருவி யாரை நினைவூட்டுகிறது என்பதிலேயே வழக்கு எழுகிறது.

பாமாலையும் கீர்த்தனையும்

1706ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் இறங்கினார். அவர் காலத்திலேயே ஜெர்மானிய ஞானப்பாடல்கள் தமிழில் பெயர்க்கப்பட்டு அச்சேறின. பின்னர்ச் சென்னை வேப்பேரியில் பணியாற்றிய பப்ரிசியஸ் ஐயர் (1711-1791) அப்பணியை விரிவாக்கினார். இவ்வகைப் பாடல்கள் 'பாமாலை' என வழங்கலாயின. சொல் தமிழ், மெட்டு ஐரோப்பியம். பிற்காலத்தில் ஆர்கனும் ஆர்மோனியமும் அவற்றுக்குத் துணையாயின. முழவுக்கு அவற்றில் இடமில்லை. மேலை மெட்டின் அழுத்தம் ஓரிடத்தில் விழ, தமிழ்ச் சொல்லின் குறில் நெடில் வேறோரிடத்தில் நிற்கும். எதுகையும் மோனையும் மெட்டின் ஓட்டத்தில் கரைந்துபோகும். எனினும் தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பழகியதால் பாமாலைகளும் நம் மக்களின் உடைமையாகிவிட்டன என்பதை மறுப்பதற்கில்லை.

கத்தோலிக்கர் நிலை சற்று வேறானது. அவர்தம் தேர்த்திருவிழாக்களில் மேளமும் தாளமும் தெருவில் முழங்கின. சப்பரம் உலாவரும்போது நாதசுரமும் தவிலும் முன்செல்வது பல ஊர்களில் வழக்கம். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் புனிதர் வரலாறுகளை நாட்டுக்கூத்தாக்கி மத்தள முழக்கோடு விடியுமட்டும் ஆடினர். ஆனால் கோயிலினுள் திருப்பலி இலத்தீனில் நிகழ்ந்தது. வீதியில் முழவு, பீடத்தில் இலத்தீன் என இரண்டு உலகங்கள் வாயிற்படியால் பிரிந்து நின்றன.

இவ்விடைவெளியில் தோன்றியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864). திருநெல்வேலியிற் பிறந்து, இளமையிலேயே சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்துவரப்பட்டவர். பின்னாளில் அரியணை ஏறிய சரபோஜியுடன் இளமைக்கால நட்புப் பூண்டவர். குற்றாலக் குறவஞ்சியின் அமைப்பைத் தழுவிப் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் உறுப்புகளோடு, இராகமும் தாளமும் அமைந்த கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கில் இயற்றினார். மகளார் ஞானதீப அம்மையார் உடன்பாட, ஊர்தோறும் சென்று கதாகாலட்சேபம் நிகழ்த்தினார்.

கீர்த்தனையின் அமைப்பே மக்களை ஒன்றுகூட்டும் தன்மையது. ஒருவர் பாட, பலர் வாங்கிப் பாடுவர். பல்லவி மீண்டும் மீண்டும் வருவதால் எழுத்தறியாதவரும் இரண்டாம் முறையிலேயே பற்றிக்கொள்வர். ஏட்டைப் பார்த்துப் பாட வேண்டிய பாமாலை படித்தவரைத் தேடியது; கையில் தாளமிட்டுப் பாடும் கீர்த்தனை எல்லாரையும் அழைத்தது.

சாஸ்திரியாரின் வழக்கு

சுவார்ட்சு ஐயர் 1798இல் மறைந்தபின் வந்த இளைய மிஷனரிமார் பழைய வழக்கங்கள் பலவற்றை மாற்ற முனைந்தனர். ஹவுப்ரோ ஐயர் காலத்தில் தஞ்சையில் இவ்வழக்கு முற்றியது. 1829ஆம் ஆண்டில் சாஸ்திரியார் 'சாதி திருத்தலின் பயித்தியம்' என்னும் நூலை எழுதினார். புதியவர் தம் சபையார்க்குச் செய்த கொடுமைகளுள் அவர் முதன்மையாக எடுத்துரைத்தவை நான்கு. பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றியமை ஒன்று. சாதி வேறுபாடு கருதாது சபையாரைக் கலந்து அமரச் செய்தமை இரண்டு. திருமணம் முதலிய சடங்குகளில் பூவும் பிற வழக்கங்களும் விலக்கப்பட்டமை மூன்று. கோயிலில் தமிழ்க் கீர்த்தனை பாடுவதைத் தடுத்தமை நான்கு.

இப்பட்டியலை நாம் நேர்மையோடு படித்தல் வேண்டும். தமிழிசைக்காக அவர் கொடுத்த குரல் நம் நெஞ்சை நிமிர்த்துகிறது. அதே மூச்சில், கோயிலுள் சாதி வரிசை கலையக் கூடாது என்று அவர் வழக்காடியதைக் காணும்போது நெஞ்சம் குறுகுகிறது. மறுபுறத்தில், மனிதர் யாவரும் சமம் என்று சொன்ன மிஷனரிமார் அச்சமத்துவத்தை ஐரோப்பிய மெட்டில்தான் பாட வேண்டும் என்றனர். சமத்துவம் ஒரு பக்கமும் தமிழிசை மறுபக்கமும் நின்று போரிட்டதே தஞ்சையின் துயரம். இரண்டும் கைகோத்து வருவதற்கு நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

சாதிப் பாகுபாட்டைக் கோயிலினின்று முற்றும் விலக்குமாறு 1833இல் பேராயர் தானியேல் வில்சன் ஆணையிட்டார். அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் ஐயர் சாஸ்திரியாரின் கீர்த்தனைகள் பலவற்றைத் திரட்டி, 1853ஆம் ஆண்டில் வழிபாட்டுக்குரிய நூலாக வெளியிட்டார். கீர்த்தனை கோயிலுள் நுழைந்தது. மிருதங்கமும் கைத்தாளமும் அதன் பின்வந்தன. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை' 1878இல் வெளிவந்தது. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859-1919) கிறித்தவக் கீர்த்தனைகள் இயற்றியதோடு நில்லாது, 1912இல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தை நிறுவி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலை வெளியிட்டுத் தமிழிசை ஆராய்ச்சிக்கே அடித்தளமிட்டார். கிறித்தவர் தமிழிசைக்குச் செய்த தொண்டு தமிழர் அனைவரும் நன்றியோடு நினைக்கத்தக்கது.

மிருதங்கம் செய்த கைகள்

மிருதங்கம் கோயிலுள் வந்தது; பறை வரவில்லை. இரண்டும் தோற்கருவிகளே. மிருதங்கத்துக்குப் பலாமரமும் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் வேண்டும். அத்தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வாரிழுத்து, கருஞ்சாந்து தேய்த்து, சுருதி சேர்த்துத் தருபவர் யாவர்? டி. எம். கிருஷ்ணா 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட 'செபாஸ்டியன் அண்டு சன்ஸ்' என்னும் ஆங்கில நூல் இவ்வினாவுக்கு விடை கூறுகிறது. தஞ்சையைச் சேர்ந்த செபாஸ்டியன் குடும்பத்தார் போன்ற தலித் கிறித்தவர் பலர் தலைமுறைகளாக அக்கலையைக் காத்து வந்துள்ளனர். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்கு உருவும் ஒலியும் தந்ததில் பர்லாந்து என்பாரின் பங்கு பெரிது. மேடையில் மிருதங்கம் வாசித்தவர் பெயரை நாடறியும். அதனைச் செய்தவர் பெயரைச் சிலரே அறிவர்.

பறையின் அமைப்பு எளியது. வேப்பமரத் துண்டுகள் மூன்றை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகட்டால் இணைத்து வட்டச் சட்டமாக்குவர். புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி உலர்த்துவர். அடிக்குச்சி, சிண்டுக்குச்சி என்னும் இரண்டு குச்சிகளால் முழக்குவர். முழக்குமுன் வைக்கோல் தீயில் காய்ச்சினால்தான் தோல் இறுகி, ஒலி தெளியும். திறந்த வெளிக்கென அமைந்த கருவி அது. ஊர் முழுவதற்கும் கேட்குமாறு பேசும். கோயில் வாயில் அதற்கு அடைபட்டிருந்தமைக்கு இவ்வோசையைச் சிலர் காரணம் காட்டினர். ஓசையே காரணமாயின் பெரிய மணிகளும் ஆர்கன்களும் உள்ளே வந்திரா.

மற்றொரு காரணமும் உண்டு. அதனை மதிப்போடு நோக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒடுக்கப்பட்ட மக்கள் திரள்திரளாகக் கிறித்தவத்தைத் தழுவியபோது, அவர்களுள் பலர் பறையைத் தாமே கைவிட்டனர். இழவுச் செய்தி சொல்லவும், பிணத்தின் முன் முழக்கவும், கூலியாக எஞ்சிய சோற்றைப் பெறவும் தம்மைக் கட்டிவைத்த கயிறாகவே அதனைக் கண்டனர். இருபதாம் நூற்றாண்டிலும் சமய வேறுபாடின்றிப் பல ஊர்களில், பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தது உரிமைப் போராட்டமாகவே நிகழ்ந்தது. தம் பிள்ளைகள் கையில் பறைக்குப் பதில் புத்தகம் இருக்க வேண்டும் என்று விரும்பிய அம்முதியோரைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

உலகில் இதற்கு எதிர்மறையான காட்சியும் உண்டு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், 1740ஆம் ஆண்டுச் சட்டம் அவர்கள் முரசு முழக்குவதைத் தடைசெய்தது. முரசை இழந்தோர் கைதட்டியும் காலால் தரையை உதைத்தும் தம் கிறித்தவப் பாடல்களுக்குத் தாளம் தந்தனர். அங்கே ஆண்டவர் முரசைப் பறித்தனர். இங்கே முரசையே விலங்காகப் பூட்டினர். இரண்டிடத்தும் அடிபட்டது மனித மாண்பே.

சாதிச் சுவர் தானே இடிந்துவிடவில்லை. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயிலினுள் சாதியாரைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. கல்லால் கட்டிய சுவரை ஒருநாளில் இடிக்கலாம். செவியில் கட்டிய சுவரை இடிக்கப் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன.

பெங்களூரில் எழுந்த சிந்தனை

அச்சுவரை இடித்த சிந்தனையில் நம் பெங்களூருக்குத் தனிப்பங்கு உண்டு. செஞ்சிப் பகுதியிலிருந்து வந்த தமிழ்க் கிறித்தவரே சிவாஜிநகர்ப் புனித மரியன்னை பேராலயத்தின் முன்னோடிகள் என்பது வழிவழிச் செய்தி. ஆண்டுதோறும் செப்டம்பர் 8இல் நிகழும் அத்திருவிழா பெங்களூர்த் தமிழர் பலர்க்கும் அறிமுகமானது. குடிபெயர்ந்தோர் மொழியையும் பாட்டையும் உடன்கொண்டு வருவது இயல்பு. இலங்கை மலையகத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழர் தப்பையும் காமன்கூத்தையும் கொண்டு சென்றனர் அல்லரோ!

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. மக்களின் சொந்த இசைமரபுக்கு வழிபாட்டில் உரிய இடம் தரவேண்டும் என்று அதன் 119ஆம் பகுதி வலியுறுத்தியது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, 1958இல், காங்கோ நாட்டுச் சிறுவர் தம் முரசுகளோடு 'மிஸ்ஸா லூபா' என்னும் திருப்பலி இசையை உலகுக்கு அளித்திருந்தனர். இந்தியாவில் இப்பணிக்கெனத் தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு நடுவம் பெங்களூரில் 1967இல் தோன்றியது. அதனை நிறுவியவர் தென்னார்க்காட்டுக் கல்லேரியைச் சேர்ந்த தமிழர் அருள்திரு து. ச. அமலோற்பவதாசு (1932-1990). அவர்தம் தமையனார் லூர்துசாமி 1968 முதல் 1971 வரை பெங்களூர்ப் பேராயராக விளங்கினார். குத்துவிளக்கு, ஆரத்தி, தரையில் அமர்தல் முதலிய பன்னிரண்டு மாற்றங்களுக்கு 1969இல் உரோமையின் இசைவு கிடைத்தது.

இம்மாற்றங்கள் பெரியன; ஆயினும் அவற்றின் இந்தியத் தன்மை பெரும்பாலும் வடமொழி மரபையும் உயர்சாதிக் கோயில் வழக்கையும் சார்ந்திருந்தது என்று பின்வந்தோர் சுட்டினர். சேரியின் பறைக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. 1981ஆம் ஆண்டில் பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையைத் தலித் இறையியலின் தொடக்கமாகக் கொள்வர். அக்கல்லூரியில் ஆசிரியராக இருந்த சத்தியநாதன் கிளார்க்கு 1998இல் வெளியிட்ட நூலில், ஒடுக்கப்பட்ட மக்களின் பறையையே கிறித்துவை உணர்த்தும் அடையாளமாகக் கண்டார். எழுதப்பட்ட வேதம் மறுக்கப்பட்ட மக்களுக்குப் பறையே இறைவனோடு பேசும் மொழியாயிற்று என்பது அவர் காட்டிய நெறி. 'பறை' என்பதற்குச் 'சொல்' என்று பொருள்கண்ட தமிழர்க்கு இது புதிய கருத்தன்று, மறந்துபோன கருத்தே.

பறை உள்ளே வந்தது

மதுரை அரசரடியில் 1969இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இச்சிந்தனை பாட்டாக மலர்ந்தது. அங்கு ஆசிரியராக விளங்கிய தியோபிலஸ் அப்பாவு (1940-2005), 'பரட்டை அண்ணன்' என்று மாணவராலும் மக்களாலும் அன்போடு அழைக்கப்பட்டார். மேலையிசையும் கருநாடக இசையும் கற்றவர் அவர்; ஆயினும் நாட்டுப்புற இசையையே தம் கருவியாகத் தேர்ந்தார். முழு வழிபாட்டு முறையையும் கிராமிய மெட்டில் அமைத்து, பறை முதலிய கருவிகளோடு பாடச் செய்தார். கும்மியும் ஒப்பாரியும் மன்றாட்டாயின. தாம் எழுதியதைப் பாடுவோர் தம் ஊர்ப்பேச்சுக்கு ஏற்ப மாற்றிப் பாடலாம் என்பது அவர் கொள்கை. ஒரே உலையில் சமைத்து எல்லாரும் சேர்ந்து உண்பதே திருவிருந்தின் பொருள் என்றும் அவர் கற்பித்தார். பறையும் பந்தியும் அவர் உள்ளத்தில் ஒன்றாகவே இருந்தன. தஞ்சையில் எதிரெதிர் நின்ற தமிழிசையும் சமத்துவமும் அரசரடியில் கைகோத்தன.

திண்டுக்கல்லில் கத்தோலிக்கத் துறவுச் சகோதரியர் தொடங்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம், ஒடுக்கப்பட்ட குடும்பத்துப் பெண்கள் கையில் பறையைத் தந்தது. ஆடவர் கருவி என்றும் சாவுக் கருவி என்றும் கருதப்பட்டதை இளம்பெண்கள் அடவு கட்டி முழக்கியபோது, பார்த்தோர் கருத்தும் மாறிற்று. செங்கடற் கரையில் மிரியாம் பின்னே சென்ற பெண்டிரை இவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. திருச்சியில் 1977இல் தொடங்கப்பெற்ற கலைக்காவிரியும் கிறித்தவப் பொருளில் தமிழ் இசைக்கும் நடனத்துக்கும் நற்றொண்டு ஆற்றியுள்ளது. அரசும் பறைக்குக் காலந்தாழ்ந்தேனும் சிறப்புச் செய்தது. கருநாடகத்துத் தமட்டெக் கலைஞர் முனிவெங்கடப்பாவுக்கு 2023இலும், மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இலும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. இரண்டு மொழி பேசும் உடன்பிறப்புகள் இரண்டாண்டு இடைவெளியில் ஒரே சிறப்பைப் பெற்றன.

நம் கடமை

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? குடிபெயர்ந்து வாழும் நாம் சிலவற்றை இழக்கிறோம். நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் பயில்கின்றனர். கன்னட மண்ணில் வாழ்வோர் கன்னடம் கற்பது கடமையும் நன்றியும் ஆகும். அதனிடையே தமிழ் எழுத்து சிலர்க்கு எட்டாமற் போகிறது. எழுத்து எட்டாத பிள்ளைக்கும் தாளம் எட்டும். பாட்டி பாடும் கீர்த்தனைக்குக் கைத்தாளமிடும் குழந்தை, எட்டு எண்ணிக்கையுள்ள ஆதிதாளத்தோடு தமிழ்ச் சொல்லின் குறிலையும் நெடிலையும் கற்றுக்கொள்கிறது. மொழிக்குச் செல்லும் குறுக்குவழி அது.

இன்று வாடகைக் கூடங்களில் கூடும் சிறு சபைகள் பலவற்றில் மின்விசைப் பலகையின் பொத்தானே தாளம் தருகிறது. செலவும் இடமும் கருதி அவ்வாறு செய்வோரை நாம் பழிக்கவில்லை. ஆயினும் பொத்தானிலிருந்து வரும் தாளத்துக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. பாடுவோர் மூச்சுக்கு அது காத்திருப்பதும் இல்லை. கஞ்சிராவோ மத்தளமோ பறையோ ஒருவர் கையில் இருக்குமாயின், அவர் பாடுவோர் முகம் நோக்கி முழக்குவார். முதியவர் குரல் தளர்ந்தால் தாமும் தளர்வார்.

எனவே நம் சங்கங்கள் ஆண்டுவிழாவில் பறையை மேடையேற்றுவதோடு அமையாது, வாரந்தோறும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க முன்வர வேண்டும். எந்தச் சாதியில் பிறந்த பிள்ளையும் அதனை ஏந்தலாம் என்னும் நிலை வேண்டும். தமட்டெ முழக்கும் கன்னடக் கலைஞரையும் ஆசிரியராக அழைக்கலாம்; இரு மொழியார்க்கும் அது பாலமாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, முழக்க வந்தவரை முழக்கு முடிந்ததும் கூலி கொடுத்துப் புறவாயிலால் அனுப்பாமல், நம் பந்தியில் நம் பக்கத்தில் அமர்த்தி உண்ண வேண்டும். கருவியை உள்ளே அழைத்து, கலைஞரை வெளியே நிறுத்துவோமாயின், தஞ்சை வழக்கில் நாம் இன்னும் தோற்றவர்களே.

முரசுகட்டிலில் உறங்கிய புலவனுக்குக் கவரி வீசினான் தகடூர் வென்ற சேரன். புலவனுக்கு அன்று கிடைத்த மதிப்பு, முழவு செய்வோர்க்கும் முழக்குவோர்க்கும் இன்று கிடைத்தல் வேண்டும். கோயிலாயினும் சங்கமாயினும், அதன் வாயில் எல்லார்க்கும் திறந்திருப்பதாக! நம் பிள்ளைகள் கையில் தமிழ்த் தாளம் என்றும் ஒலிப்பதாக!